மஸ்கட்டிலிருந்து நான் கொண்டுபோன மழை

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

எப்.எம். ரேடியோ என்பது டார்ச்லைட் பேட்டரி மாதிரி, போடப் போடத் தீர்ந்துபோகிற சரக்கு என்று நான் நம்பினேன். ரேடியோப் பெட்டியைச் சொல்லவில்லை. பெட்டி பழசாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷனிலிருந்து காற்றில் வருகிறதே, அந்த அலையே வருஷத்துக்கு வருஷம் நைந்துபோகிறது என்று நம்பினேன். புது வேட்டி நாலு சலவை கண்டதும் பழுப்பேறுகிறதில்லையா, அதுபோல. ஏதோ டீக்கடைப் பேச்சாக நம்பவில்லை. சாட்சி வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்குப் புகார் எழுதினேன். இரண்டு ரேடியோவை மாற்றினேன். கடைசியில் இந்த நம்பிக்கையைக் கொண்டுபோய் என் மகள் மேலேயே இறக்கினேன். அதுதான் இங்கே சொல்லப்போகிற சங்கதி.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மலர் போடுகிறோம், வெளிநாட்டு வாழ்க்கை பற்றி இளைஞர்களுக்குப் பயன்படும்படி எழுதி அனுப்புங்கள் என்று ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். ஒட்டகம், பேரீச்சை, பெட்ரோல் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. ஒட்டகத்தை நான் லாரியில் நின்றபடி போகும்போதுதான் பார்த்திருக்கிறேன். அதுவும் என்னைப் பெரிதாக மதிக்கவில்லை. எனவே ரேடியோ பற்றி எழுதுகிறேன்.

எழுதத் தோன்றியது போன வெள்ளிக்கிழமை. கம்பெனி கேம்பில் எங்கள் அறையில் நாலு கட்டில். என் கட்டிலுக்குப் பக்கத்தில் டிரங்குப் பெட்டி மேல் ரேடியோ. லீவு நாளாயிற்றே என்று எப்.எம். வைத்து, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டில்காரர் எழுந்து வந்து ரேடியோவை அணைத்தார். ஏன் என்று கேட்டேன். ஸ்டேஷன் நகர்ந்துபோய் வெகுநேரமாக வெறும் இரைச்சல்தான் வருகிறது, நீ எதற்குத் தாளம் போடுகிறாய் என்று கையால் கேட்டார். தாளம் பிரமாதமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

2

நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவன். என் மாமனாரின் தறிச்செட்டில்தான் ஓட்டினேன். அப்போது அவர் மாமனார் இல்லை, வெறும் முதலாளி. தறி ஓடும் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். திருவேங்கடம் பஸ்ஸில் வந்து இறங்கும் வெள்ளாமைக்காரச் சம்சாரிகள் எங்கள் தெருவைத் தாண்டும்போது, இங்கே ஏதோ வெட்டுக்குத்து என்று பயந்து நின்றுவிடுவார்கள். நாங்களோ ஒருவரையொருவர் சாப்பிட்டாச்சா என்று விசாரித்துக்கொண்டிருப்போம்.

செட்டுக்குள் கத்தினாலும் பற்றாது. வாயைப் பார்க்க வேண்டும். எதிர்த்தறிக்காரன் வாய் எப்படிக் குவிகிறது, எப்படிக் கோணுகிறது என்று பார்த்தே அவன் நூல் கேட்கிறானா, என் பரம்பரையைத் திட்டுகிறானா என்று சொல்லிவிடுவேன். தறிக்காரனுக்குக் கண்ணும் ஒரு காதுதான். இதில் எங்களுக்குப் பெருமை வேறு. மற்ற ஊர்க்காரன் அரைமணி நேரம் செட்டுக்குள் நின்றால் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். நாங்கள் அதற்குள்ளேயே தூங்குவோம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. செட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே ஒரு ரேடியோ. காலையில் திருநெல்வேலி ஸ்டேஷன், மத்தியானம் சிலோன். தறியை ஜெயிப்பதற்காகக் கடைக்காரர் அதை முடிந்தமட்டும் முறுக்கி வைத்திருப்பார். கரகரப்பும் விசிலும் தறியும் சேர்ந்து வர, அதற்குள் எங்கேயோ ஒருவர் பாடிக்கொண்டிருப்பார். உமி மூட்டைக்குள் விழுந்த மோதிரத்தைத் தேடுவதுபோல நான் பாட்டைத் தேடி எடுப்பேன். பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று முப்பது வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

3

கரண்டு வருவதற்கு முன் செட்டில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் போட்ட பழக்கத்தை வைத்து, எஞ்சின் ஆபரேட்டர் என்று எழுதிக்கொடுத்து, எழுபதுகளின் பாதியில் மஸ்கட் வந்து சேர்ந்தேன். டீசல் பவர்ஹவுஸில் வேலை. எஞ்சின் ஒவ்வொன்றும் எங்கள் செட் அகலம். அந்தச் சத்தத்தைக் கேட்ட முதல் நாள் எனக்கு ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு மூடி கொடுத்தார்கள். தறிக்காரனுக்குக் காதுமூடியா என்று சிரித்து அதை ஆணியில் மாட்டினேன். கிண்ணம் மாதிரி நன்றாக இருந்ததால், சாவி, பட்டன், உடைந்த சீப்பு எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வைத்தேன்.

முதல் சம்பளத்தில் கடைத்தெருவுக்குப் போய், கேசட்டும் ரேடியோவும் ஒன்றாக இருக்கிற டூ-இன்-ஒன் ஒன்றைப் பார்த்தேன். கடைக்காரன் ஒரு பொத்தானை எப்.எம். பக்கம் தள்ளினான். யாரோ ஒரு பெண் இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வரி முடிந்தது. அடுத்த வரிக்கு முன்னால் அவள் மூச்சை இழுத்தாள்.

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது மாதிரி இருந்தது. பாடுகிறவர்கள் மூச்சு விடுவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கரகரப்பு இல்லை, விசில் இல்லை. கிடார்க் கம்பியில் விரல் வழுக்குவது கேட்டது. ஜால்ரா மாதிரி ஏதோ ஒன்று தூரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாஷை புரியாதது ஒரு குறையாகவே படவில்லை.

இங்கே பாடகர்கள் மூச்சு விடுவதெல்லாம் கேட்கிறது என்று வீட்டுக்கு எழுதினேன். என் மனைவி செண்பகத்தின் தம்பி முருகையா பதில் எழுதினான். அத்தான், அந்த ஊரில் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் இழுப்பு நோயா, வைத்தியம் பார்க்க மாட்டார்களா என்று கேட்டிருந்தான்.

இழுப்பு இல்லை என்று நிரூபிப்பதற்காகவே முதல் லீவில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். திருவனந்தபுரத்தில் சுங்க அதிகாரி பெட்டியைப் புரட்டிப் பார்த்து, எப்.எம். எல்லாம் இருக்கிறதே என்று சொல்லித் தீர்வை போட்டார். நம் பக்கத்தில் எப்.எம். கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

மாமனார் வீடு செட்டை ஒட்டியது. முன்னறையில் பெட்டியை வைத்தேன். தெருவே வந்து உட்கார்ந்தது. மூச்சு கேட்கும், எல்லோரும் சத்தம் போடாமல் கேளுங்கள் என்று பிரசங்கம் செய்துவிட்டுப் பொத்தானைத் தள்ளினேன்.

ஷ்ஷ்ஷ் என்றது.

முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தினேன். ஷ்ஷ்ஷ். ஏரியலை இழுத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். ஊரே என் பின்னால் ஏறி வந்தது. அங்கேயும் ஷ்ஷ்ஷ். எப்.எம். என்பது பெட்டிக்குள் இருக்கிற வித்தை இல்லை, பக்கத்தில் ஸ்டேஷன் இருந்தால்தான் வரும் என்பதை அந்த மாடியில் வேர்க்க வேர்க்கப் புரிந்துகொண்டேன். மெட்ராஸில் ஒன்று இருக்கிறதாம். அது பஸ் ஏறி வராது.

மானத்தைக் காப்பாற்றியவன் முருகையாதான். காதை வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணும் வரலன்னு யாரு சொன்னா. மழை பெய்யுதுல்லா. அத்தான் மஸ்கட்ல இருந்து நமக்கு மழை கொண்டாந்திருக்காவ."

மழையே சங்கதியாக இருக்கிற கரிசல்காட்டுப் பக்கம் நாங்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லீவு முடியும்வரை, கொஞ்சம் மழையைப் போடுங்கள் என்று தெருவில் கேட்டு வந்தார்கள். அப்போது என் மகள் கோமதிக்கு, எங்கள் கோமுவுக்கு, மூன்று வயது. அவள் ஒருத்திதான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை போட்டதும் உள்ளே போய் அரிசி புடைக்கிற சுளகை எடுத்து வந்து தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்காருவாள்.

4

அந்தச் சுளகைப் பார்த்த பிறகு எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. பவர்ஹவுஸ் ஆபரேட்டர் கிரேடுக்குக் குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்று கம்பெனி விதி. கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஏது சான்றிதழ். கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். இதில் கல்யாணத்துக்கு வரும்படி கூப்பிட்டிருக்கிறதே தவிர, கல்யாணம் நடந்ததாக ஒன்றும் இல்லையே என்று ஆபீஸ்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த லீவில் சங்கரன்கோவில் பதிவாளர் ஆபீசில் போய் நின்று பதிவு செய்தோம். கோமு எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்த்தாள்.

மஸ்கட்டில் சின்ன வீடு. வெள்ளிக்கிழமை காலையில் எப்.எம்.மில் கொஞ்ச நேரம் நம் நாட்டுப் பாட்டு வரும். பெரும்பாலும் இந்தி, ஏமாந்தால் தமிழ். நானும் கோமுவும் ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவோம். பாடுகிறவர் மூச்சு இழுக்கும்போது விரலைத் தூக்க வேண்டும். முதலில் தூக்கியவருக்கு வெற்றி. இதுதான் எங்கள் விளையாட்டு. தோற்றவர் ஜெயித்தவரை முதுகில் சுமந்து அடுப்படி வரைக்கும் போய்வர வேண்டும். அவள் என்னைச் சுமக்க முடியாது என்பதால், அவள் தோற்றாலும் நானே சுமப்பேன்.

முதலில் நான்தான் ஜெயித்தேன். பிறகு அவளும் நானும் மாறிமாறி. பிறகு அவளே ஜெயித்தாள். பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிற நல்ல தகப்பன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் விரலைத் தூக்கிய இடத்தில் மூச்சே இல்லை. கள்ளாட்டம் என்றேன். இருந்துச்சுப்பா என்றாள். இல்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து விளையாட வரவில்லை. வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

எப்.எம். மங்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான்.

முதலில் மூச்சு போயிற்று. பிறகு கிடார்க் கம்பியில் வழுக்கிய விரல் போயிற்று. ஜால்ரா, சலங்கை, அந்தப் பொடி உதிரும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. மேளமும் அடித்தொண்டையும் மட்டும் மிஞ்சின. பாட்டைக் கம்பளிக்குள் சுற்றிக் கொடுப்பதுபோல இருந்தது. பெட்டி கெட்டது என்று அடுத்தடுத்து இரண்டு புதுசு வாங்கினேன். இரண்டிலும் கம்பளி. செம்புக் கம்பியை வாங்கி மாடித் தண்ணீர்த் தொட்டியில் கட்டினேன். வீட்டுக்காரர் வந்து அவிழ்த்தார்.

ஒருவேளை எனக்கு மட்டும்தானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. நியாயமாக நடக்க வேண்டும் என்று பவர்ஹவுஸில் என்னோடு வேலை பார்க்கும் வர்கீஸைக் கேட்டேன். மலையாளி, பாட்டுக்காரர், சர்ச்சில் பாடியவர். இரண்டு தடவை கேட்ட பிறகு அவருக்குப் புரிந்தது. முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அதே சந்தேகமாம். அவர் வீட்டிலும் எப்.எம். மங்கிக்கொண்டுதான் வருகிறதாம். இரண்டு பேர், இரண்டு வீடு, இரண்டு ரேடியோ. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும். இரண்டு பேரும் ஒரே எஞ்சினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறோம் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு இங்கிலீஷில் புகார் எழுதினேன். ஆரம்பத்தில் தாங்கள் அளித்துவந்த மூச்சு முதலியவற்றைச் சமீப காலமாகக் குறைத்துவிட்டதாகத் தெரிகிறது, மீண்டும் முழு அளவில் வழங்க வேண்டுகிறேன் என்று. தொடர்ந்து கேட்பதற்கு நன்றி சொல்லி, அறிவிப்பாளர் சிரிக்கும் போட்டோ ஒன்றை அனுப்பினார்கள்.

இத்தனை நடந்தும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் அதுதான் வசதி. அரபிக்காரர் என்னமோ சொல்வார், தலையாட்டுவேன். வெள்ளைக்காரர் என்னமோ சொல்வார், தலையாட்டுவேன். பட்டாணியர், பெங்காலிக்காரர் எல்லோருக்கும் ஒரே ஆட்டு. பாஷை தெரியாதவனும் காது கேட்காதவனும் அந்த ஊரில் ஒரே மாதிரித்தான் தலையாட்டுவார்கள். இரண்டில் நான் எந்த வகை என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வேலை அனுமதி புதுப்பிக்கும்போதெல்லாம் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். காதை மட்டும் தொடவே இல்லை.

6

வீட்டுக்குள் செண்பகம் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது. அவள் தறி முதலாளி மகள். மஸ்கட்டிலும் தறித்தெருக் குரலில்தான் பேசுவாள். அவள் ரசத்துக்கு உப்பு கேட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டுவார்கள்.

கோமு அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் கத்தக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. அம்மாவையே, மெதுவாம்மா, மெதுவா என்று கையமர்த்துவாள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். அடுத்த அறையிலிருந்து பேசுவாள். அவள் தமிழில் பாதி எழுத்தை விழுங்குகிறாள், வாயைத் திறந்து பேசக் கூச்சப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. என்ன என்று கேட்பேன். மறுபடி சொல்வாள். என்ன என்பேன். மூன்றாவது தடவை, ஒண்ணுமில்லப்பா என்பாள். அந்த ஒண்ணுமில்லப்பா மட்டும் எனக்கு வாயசைவிலேயே மனப்பாடம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் கைவிட்டுப் போய்விடும் என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அது என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று பீதி பிடித்துக்கொண்டது. அம்மாவோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். நான் போனால் இரண்டு வாக்கியம், பிறகு மௌனம். இவளுக்குத் தமிழும் போச்சு, தகப்பனும் வேண்டாமல் போய்விட்டான். தூக்கம் வராமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஆறாம் வகுப்புக்குச் சங்கரன்கோவிலிலேயே விட்டுவிடுவது. முருகையா வீட்டில் இருக்கட்டும். நாலு வருஷம் தறித்தெருவில் வளர்ந்தால் வாயைத் திறந்து பேசுவாள், அப்பா என்று நிமிர்ந்து பார்ப்பாள்.

முருகையாவுக்கு எழுதினேன். அனுப்புங்க அத்தான், ஒரே மாசத்தில் தறிக்காரி ஆக்கிவிடுகிறேன் என்று பதில் வந்தது. செண்பகம் அரை மனதாக இருந்தாள். கோமுவிடம் சொன்னபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். என்ன என்றேன்.

ஒண்ணுமில்லப்பா என்றாள்.

7

ஊரில் இறங்கியதும் எனக்கு உலகமே வெளிச்சமாகிவிட்டது. எல்லோர் பேச்சும் கேட்டது. டீக்கடைக்காரர் கேட்டது, பஸ் கண்டக்டர் கேட்டது, முருகையா எதிர்ச்சாரியிலிருந்து கூப்பிட்டது கேட்டது. பார்த்தாயா, எனக்கு எல்லாம் கேட்கிறது, மங்கியது அந்த ஊர் எப்.எம்.தான் என்று செண்பகத்திடம் அடித்துச் சொன்னேன். தறித்தெருவில் ஊமையைத் தவிர யார் பேசினாலும் செவிடனுக்கும் கேட்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாயிற்று. சீருடைக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. அந்த நாட்களில் கோமு என்னை விட்டு அகலவில்லை. கோவிலுக்குப் போனால் பின்னால் வந்தாள். கடைத்தெருவுக்குப் போனால் பின்னால் வந்தாள். ஊர்க்காற்று பட்டதுமே பிள்ளை ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பூரித்துப் போனேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். முன்னறையில் முருகையா, செண்பகம், கோமு, நான். பக்கத்தில் செட்டு முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் லீவில் நான் விட்டுவிட்டுப் போன பழைய டூ-இன்-ஒன் அலமாரியில் பாடிக்கொண்டிருந்தது. கோமுவை யார் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது என்று எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது கரண்டு போயிற்று.

தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தறி நின்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கூச்சம் வரும். கோவிலுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திவிடுவார்கள். எதிரே செண்பகம் பேசினாள், முருகையா பதில் சொன்னான், கோமு ஏதோ சொன்னாள். வாய்கள் அசைந்தன. எனக்கு ஷ்ஷ்ஷ் என்று மட்டும் கேட்டது. யாரோ விஷமம் செய்து ரேடியோவை எப்.எம்.மில் தள்ளியிருக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது.

"யாருல மழையப் போட்டது? அணைச்சுத் தொலைங்க" என்று கத்தினேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முருகையா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பக்கத்தில் வந்து குனிந்து சத்தமாகச் சொன்னான்: "அத்தான், கரண்டு போயிட்டுல்லா. எந்த மழையச் சொல்லுதிய?"

நான் எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். மழை நிற்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பேட்டரி மூடியைத் திறந்தேன். காலி. கையில் பிளக், மடியில் செத்த ரேடியோ, காதுக்குள் அடைமழை. பெட்டிக்குப் பேய் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

கோமு வந்து என் முன்னால் நின்று பேசினாள். உதடு அசைந்தது. எனக்கு வரவில்லை. செண்பகம் அவள் தோளைத் தொட்டு, "ஏட்டி, சத்தமாச் சொல்லு. நம்ம தெருக்காரி மாதிரிச் சொல்லு" என்றாள்.

பதினோரு வயதில் என் மகள் முதல்தடவையாகக் கத்தினாள். "என்னைய இங்க விட்டுட்டுப் போகாதீங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்பா."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"மஸ்கட்லயிருந்தே. நீங்கதான் திரும்பியே பார்க்கல."

கடைத்தெருவிலும் கோவிலிலும் அவள் எனக்குப் பின்னால் நடந்து வந்தது எதற்கு என்று அப்போது தெரிந்தது. கரண்டு வந்தது. தறிகள் கிளம்பின. 

8

பயணத்தைத் தள்ளிவைத்துப் பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டினார். சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்குங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விளையாட்டில் நான் ஒரு காலத்தில் ஜெயித்தவன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர், அவருக்குப் பின்னால் கோமு. டாக்டர் பொத்தானை அமுக்கினார். எனக்கு மழைதான் கேட்டது. கோமு டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அமுக்கும்போதெல்லாம் விரலைத் தூக்கினாள். அவளைப் பார்த்து நானும் தூக்கினேன். அவள் தூக்க, நான் தூக்க, காது பிரமாதமாக இருக்கிறதே என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். அப்புறம் என் பார்வை போகிற திசையைக் கவனித்துத் திரும்பினார். அவளைத் திட்டவில்லை. கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்து, மறுபடி ஆரம்பித்தார். அதன் பிறகு நான் அதிகம் தூக்கவில்லை.

தறியும் எஞ்சினும் சேர்ந்து தின்றது, போனது திரும்பாது என்றார். சொட்டு மருந்து, ஆபரேஷன், பத்தியம் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். தலையாட்டைப் படிப்பதில் நான் கெட்டிக்காரன், அது இல்லை என்கிற ஆட்டு. இனிக் காதுமூடி போட்டாலும் பற்றாது, எஞ்சின் பக்கத்தை விட்டு விலகினால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், இல்லையென்றால் அதுவும் போகும் என்றார்.

விலகினால் கம்பெனியில் எனக்கு மிச்சம் சாமான் எடுத்துக்கொடுக்கிற ஸ்டோர் வேலைதான். ஸ்டோர் கிரேடுக்குக் குடும்பம் கிடையாது. எஞ்சினிலேயே நின்றால் கோமு என்னோடு இருப்பாள், அவள் சொல்வது எதுவும் எனக்குக் கேட்காது. ஸ்டோருக்குப் போனால் கேட்கும், அவள் இருக்க மாட்டாள். ஊருக்கே வந்துவிடுங்கள் அத்தான், தறி ஓட்டலாம் என்றான் முருகையா. நல்ல மனதோடுதான் சொன்னான். சொன்ன பிறகுதான், தறியும் அதே காதைத் தின்னும் என்பது அவனுக்கே உறைத்தது.

நான் வேடிக்கையாகப் பேசத் தெரிந்தவன். கல்யாண வீடு, துட்டி வீடு எங்கே போனாலும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கும். அந்த வாரம் வாயில் ஒன்றும் வரவில்லை.  கோமு கேட்க வேண்டியதையெல்லாம் முன்பே கேட்டுவிட்டாள்.

காது என்று சொன்னால் கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, முதுகு வலி என்று எழுதிக்கொடுத்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்டேன். கம்பெனி டாக்டர் என் முதுகைத் தட்டிப் பார்த்து, ஆமாம், மிகவும் மோசமாகத்தான் இருக்கிறது என்றார். உடனே மாற்றல் கிடைத்தது.

இப்போது ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக்கொடுக்கிறேன். அமைதியான இடம். வர்கீஸிடம் ஆணியில் தொங்கும் காதுமூடியைக் கழற்றிக் கொடுத்து, சீப்பையும் சாவியையும் கொட்டிவிட்டு மாட்டிக்கொள்ளச் சொன்னேன். என்ன என்று கேட்டார். சாயந்திரம் அறைக்கு வந்தால் ரேடியோ. உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்தால் மேளம் கைக்கு வருகிறது. மூச்சு வருவதில்லை.

கோமு செண்பகத்தோடு சங்கரன்கோவிலில் இருக்கிறாள், இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். போன லீவில் என்னைப் பார்க்கப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா என்று ஒரு சத்தம் போட்டாள், திருவேங்கடம் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அசல் தறிக்காரி. ஒரு எழுத்தை விழுங்குவதில்லை. நான் எதற்காக அவளை அங்கே விட நினைத்தேனோ, அது அப்படியே நடந்துவிட்டது.

ஆகவே மலர்க் குழுவினருக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எப்.எம். மங்கவில்லை. ஸ்டேஷனில் யாரும் எதையும் குறைக்கவில்லை. விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று என் மகள் பலநாள் சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கேட்ட பிறகும் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.